பிளாஸ்க்கில் வந்த ஊர்

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அந்தக் காப்பகத்துக்குள் இடம் கிடையாது. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறிக்குழம்பு. கறி தின்ற அன்றைக்கு உள்ளே வரக் கூடாது என்பது அண்ணாச்சி போட்ட சட்டம். மற்ற நாட்களில் நான் சாணி அள்ளலாம், தண்ணீர்த் தொட்டி கழுவலாம், நாயின் புண்ணில் நெளிகிற புழுவைக் கூட எடுக்கலாம். ஞாயிறு மட்டும் தள்ளி நிற்க வேண்டும். "போன வாரம் தின்ன கறி மட்டும் எங்க போச்சு அண்ணாச்சி?" என்று கேட்டால் சிரிப்பார். சட்டத்தை மாற்ற மாட்டார்.

அண்ணாச்சிக்குக் கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் மண்டி. கழுகுமலை ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸை வாங்கி, அடிபட்டதும் கைவிட்டதுமான உயிர்களுக்கு விட்டிருந்தார். எங்கள் ஊரில் தொழிற்சாலைக்குப் பெயர்தான் ஆபீஸ். குச்சி காயப்போட்ட சிமெண்டுக் களத்தில் காலொடிந்த நாய்களும், கிழட்டுக் கழுதைகளும், மழை பொய்த்த வருஷத்தில் தீவனம் போட முடியாமல் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் அவிழ்த்துவிட்ட காளைகளும் நின்றன. நான் போஸ்டாபீசில் வேலை பார்த்தேன். என் வீடு எதிர்ச்சுவர். நாய்கள் குரைத்துத் தூக்கம் கெடுகிறது என்று சண்டை போடப் போனவள்தான். போன வேகத்தில் ஒரு நாயின் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்தேன். அன்றிலிருந்து என்னை அவர்கள் விடவில்லை. பசு பக்தி, தெய்வ பக்தி எதுவும் எனக்குக் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காலைப் பிடிக்கச் சொன்னவர் மாட்டாஸ்பத்திரி டாக்டர். அவருக்கும் காப்பகத்துக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. அவருடைய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்த மாட்டைக் கட்டிவைக்க இடமில்லை. இடைசெவல் கிராமத்திலிருந்து வண்டியில் ஏற்றி வந்த காளையைத் தையல் ஈரம் காயாமலே சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோவார்கள். வீட்டில் ஆள் காட்டுக்குப் போனதும் காக்கா வந்து தையலைக் கொத்தும். எத்தனையோ மாட்டைத் தான் தைத்துப் பிழைக்க வைத்ததாகவும், காக்கா கொத்திக் கொன்றதாகவும் டாக்டர் அலுத்துக்கொள்வார். ஆகவே அவர் வைத்தியம் பார்த்த ஊர்மாடுகளைத் தையல் பிரிக்கும்வரை நாங்கள் வைத்துக் காப்பது, எங்கள் ஜீவன்களை அவர் ஆஸ்பத்திரி நேரம் முடிந்ததும் வந்து பார்ப்பது. இரண்டு பேரும் டீக்கடையில் நின்றபடியே பேசி முடித்ததுதான். டாக்டர் தினமும் கறி தின்கிற ஆள். சட்டம் அவரிடம் செல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில்தான் எங்கள் பஜாரில் கேரி பேக் பெருகியது. பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளை மாடு சுற்றிக்கொண்டிருந்தது, யாருடையது என்று தெரியாது. வயிறு இடப்பக்கம் பானையாக உப்பி, முதுகெலும்பு துருத்தி, ஒரு நாள் ஹோட்டல் வாசலில் படுத்துவிட்டது. அண்ணாச்சி ஆள் விட்டுத் தூக்கிவந்தார். டாக்டர் விலாவில் கையை அழுத்திப் பார்த்தார்.

"இது தீனி இல்ல அண்ணாச்சி. பூராம் பிளாஸ்டிக். வயித்தத் திறந்துதான் எடுக்கணும்."

"பிழைக்குமா?"

"திறக்கலேன்னா பிழைக்காது. அது மட்டும் தெரியும்."

விடுமுறை நாளொன்றின் காலையில் களத்தில் வைத்தே ஆபரேஷன் நடந்தது. மாட்டைப் படுக்க வைத்து மயக்கம் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரும்புச் சட்டத்துக்குள் நின்ற வாக்கிலேயே, இடது விலாவில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினார். குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். டாக்டரின் கை தோள்வரை உள்ளே போனது. மாடு ஒரு முறை கழுத்தைத் திருப்பி, யார் இது என்பதுபோல அவரைப் பார்த்துவிட்டு மறுபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றது. வயிறு திறந்து கிடக்க, அது காதை ஆட்டி ஈ ஓட்டியது.

உள்ளிருந்து அவர் இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது. ஹோட்டல் பை, பூக்கட்டிய பை, சாக்குத் தைக்கிற நைலான் கயிறு, ஒரு பிள்ளையின் சாக்ஸ். எல்லாம் முறுக்கிக்கொண்டு திரிதிரியாக வந்தது. நாற்றத்தில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். களத்தில் சேர்ந்த குவியல் ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது. சாம்பார் கட்டிக்கொடுத்த சின்னப் பை ஒன்றில் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. அண்ணாச்சி அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவர் கடையிலும் வத்தலை அந்தப் பையில்தான் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் மண்டியில் பை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மாடு தேறியது. தண்ணீர் குடித்தது, சோளத்தட்டையை முகர்ந்தது, இரண்டு கடி கடித்தது. தையல் காய்ந்துகொண்டு வந்தது. காக்கா விரட்ட ஒரு ஆளைப் போட்டிருந்தோம். தட்டையும் கடலைக்கொடியும் கொஞ்சங் கொஞ்சமாய்க் கொடுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆனால் அண்ணாச்சிக்கு நேர்ச்சை இருந்தது. மாடு எழுந்து தீனி எடுத்தால் சர்க்கரைப் பொங்கல் வைப்பதாக வேண்டியிருந்தாராம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்து பொங்கப்பானை வந்தது. மண்டவெல்லமும் நெய்யும் சொட்டின. சாமிக்குக் காட்டிவிட்டு, முதல் பங்கு பெண்டு பிள்ளைகளுக்கு இல்லை, மாட்டுக்குத்தான் என்று தன் கையாலேயே வாழையிலையில் வைத்து ஊட்டினார். மாடு வழித்து நக்கியது. இன்னும் கேட்டது. இன்னும் வைத்தார். எங்கள் பக்கத்தில் ஒரு ஜீவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவர் கண் கலங்கியிருந்தது. சுற்றி நின்ற எங்கள் யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மாடு படுத்துவிட்டது. கண் குழி விழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பின்பக்கம் தண்ணீராய்க் கழிந்தது. புளித்த மாவு வாடை. டாக்டர் வந்ததும் வாடையைப் பிடித்தே கேட்டார்.

"என்ன குடுத்திய?"

"பொங்கல்," என்றார் அண்ணாச்சி.

டாக்டர் திட்டவில்லை. ஸ்டெதஸ்கோப்பை என்னிடம் நீட்டி, முதலில் மூலையில் நின்ற ஒரு காளையின் இடது விலாவில் வைத்துக் கேட்கச் சொன்னார். வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே எங்கோ தொலைவில் மழை இறங்கி வருகிற மாதிரி ஒரு உறுமல் எழுந்து, நெருங்கி, என்னைக் கடந்து போனது. கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷம் மாடுகளுக்கு நடுவே நின்றும் ஒரு மாட்டுக்குள் இப்படி ஒன்று நடந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாது. பிறகு வெள்ளை மாட்டின் விலாவில் வைத்தேன். சத்தமே இல்லை.

"மாடு தானாத் தட்டையச் செரிக்கல," என்றார் டாக்டர். "கண்ணுக்குத் தெரியாத சீவன் கோடி கோடியா அது வயித்துல குடியிருக்கு. அதுகதான் செரிக்குது. இது அரைச்சுப் போடுது, அதுக ஆக்கிப் போடுது. ஒரு ஊரே உள்ள இருக்குன்னு வைங்க. வெல்லமும் அரிசியும் போயிப் புளிச்சதுல அந்த ஊரு அழிஞ்சு போச்சு."

"ஊசி ஒண்ணும் இல்லையா டாக்டர்?"

"அழிஞ்ச ஊருக்கு ஊசி போட்டு என்ன செய்ய அண்ணாச்சி? வேற வயித்துலருந்து ஆளக் கொண்டாந்து குடியேத்தணும்."

ரப்பர் குழாய் விட்டுப் புளித்ததை வெளியே இறக்கினார். அண்ணாச்சி வீட்டிலிருந்து வந்த ஆப்ப சோடாவைக் கரைத்து உள்ளே விட்டார். காளையிடமிருந்து எடுக்கலாமே என்று கேட்டேன். இங்கே நிற்பதெல்லாம் மருந்தில் நிற்கிறது, மருந்து அந்தச் சீவன்களுக்கும் ஆகாது, குழாய் வழியாக வருவதும் போதாது என்றார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. கறிக்கடையில விடியக்காலம் நாலஞ்சு ஆடு விழும். அறுத்த சூட்டோட வயித்துத் தீனியப் பிழிஞ்சு, அந்தத் தண்ணிய ஆறாமக் கொண்டாரணும். ஆறிட்டா அதுகளும் செத்துரும்."

கறிக்கடைப் பக்கம் போக நேர்ந்தால் அண்ணாச்சி தெருவையே மாற்றிப் போகிறவர். அறுப்புக்குப் போகிற ஆட்டை வழிமறித்து விலைக்கு வாங்கி வந்து கட்டியவர். எனக்கு அந்தக் கடைக்காரரைத் தெரியும், வாரா வாரம் வாங்குகிறவள்தானே.

"நான் போயிட்டு வாரேன்," என்றேன்.

"வேண்டாம்மா," என்றார் அண்ணாச்சி. "பொங்கல் குடுத்தது நான்லா. நானே போறேன். கட மட்டும் நீங்க காட்டுங்க."

விடியும்போது அவர் என் வீட்டு வாசலில் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி துண்டோடு நின்றார். கையில் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகும்போது காபி கொண்டுபோகிற பெரிய பிளாஸ்க். இன்னொரு கையில் சாக்குச் சுற்றிய பால்கேன். கடைக்கு வெளியே நின்று எடுத்துத் தரச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே போய்விட்டார். உரித்த ஆடுகள் கொக்கியில் தொங்கின. அவரைப் பார்த்ததும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்களா! என்ன இங்கன?"

விஷயத்தை அண்ணாச்சியே சொன்னார், ஒரு வார்த்தை விடாமல், தான் பொங்கல் ஊட்டியது உட்பட. கடைக்காரருக்கு நம்ப முடியவில்லை. குப்பைக்குப் போகிற தீனிக்கு இவ்வளவு பெரிய மனுஷர் வந்து நிற்கிறாரே என்று அவருக்குக் கூச்சம். இரைப்பையைக் கீறி, ஆவி பறக்கிற பச்சைத் தீனியை அள்ளி, வடிகட்ட ஒரு சாக்கைத் தேடினார். அண்ணாச்சி தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"வெள்ளத்துண்டு அண்ணாச்சி. கறை போகாது."

"போகாட்டா போகட்டும். ஆறிரக் கூடாது. பிழிங்க."

இரண்டு பேரும் துண்டின் இரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். பச்சைத் தண்ணீர் பிளாஸ்க்கில் இறங்கியது. அண்ணாச்சியின் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டாரா, மந்திரம் சொன்னாரா தெரியாது. ஒரு ஆடு முடிந்து அடுத்த ஆடு. அவர் முகத்தைத் திருப்பவேயில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன், வாராவாரம் தின்கிறவள்.

டாக்டர் காத்திருந்து குழாய் வழியாக எல்லாவற்றையும் உள்ளே விட்டார். அன்று ஞாயிறு என்பதும் நான் உள்ளே நிற்பதும் யாருக்கும் நினைவில்லை. செத்துப்போன ஆடுகளின் வயிற்றில் இன்னும் சாகாமல் இருந்தவை, ஒரு காபி பிளாஸ்க்கில் ரோட்டைக் கடந்து வந்து, சாகப் போகிற மாட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. எனக்குப் பக்தி கிடையாது என்று சொன்னேன். அப்போது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மாடு கண்ணை மூடிக் கிடந்தது. திங்கள்கிழமை மத்தியானம் டாக்டர் விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு அண்ணாச்சியின் காதில் மாட்டிவிட்டார். அண்ணாச்சியின் வாய் மெல்லத் திறந்தது. "மழ," என்றார்.

சாயங்காலம் மாடு எழுந்து நின்று ஒரு பிடித் தட்டை தின்றது. தின்றுவிட்டுப் படுத்தது. மண்டிக்குப் போகாமல் அண்ணாச்சி எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் போஸ்டாபீஸ் முடிந்து நேரே வந்திருந்தேன். அப்போதுதான் கறிக்கடைக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே காலை ஊன்றி நின்றுகொண்டார். சட்டம் ஊருக்கே தெரியும்.

"அக்கா, மாடு எப்படி இருக்கு? கேட்டுட்டுப் போவம்னுதான் வந்தேன்," என்றார் என்னிடம்.

நான் பதில் சொல்லுமுன் அண்ணாச்சி எழுந்து போனார். ஒருக்களித்திருந்த கேட்டை இரண்டு பக்கமும் முழுக்கத் திறந்தார்.

"உள்ள வாங்க."

"கடையிலருந்து அப்படியே வாரேன் அண்ணாச்சி. மேல வாட அடிக்கும்."

"அடிக்கட்டும். வாங்க."

அவர் தயங்கித் தயங்கி வந்து மாட்டுக்கு எட்டவே நின்றார். மாடு எங்கள் மூன்று பேரையும் பார்த்தது. பிறகு அதன் கழுத்தின் அடியில் ஒரு சின்ன உருண்டை தோன்றி, தோலுக்குள்ளேயே மேலேறி, வாய்க்குள் போனது. தாடை ஒரு பக்கமாய் அசைந்தது. மறுபடி அசைந்தது. அசை போட ஆரம்பித்துவிட்டது. நிறுத்திவிடுமோ என்ற பயத்தில் நாங்கள் மூச்சுக்கூட விடாமல் நின்றோம்.

அண்ணாச்சி கடைக்காரரின் தோளில் கை வைத்து, காதோடு சொன்னார்.

"உங்க ஆடுக மெல்லுது, பாருங்க."

கடைக்காரர் மாட்டின் தாடையையே பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாலு ஆடு அண்ணாச்சி," என்றார். "ரெண்டு கழுகுமலச் சந்தையில புடிச்சது. ரெண்டு இடைசெவலு. அதுல ஒண்ணு, வண்டியில ஏறவே மாட்டேன்னுச்சு."