அவன்கிட்ட கேளும்மா

ஆவணப்படம் எடுக்கிறேன் என்று சொன்னால், "பத்திரப் பதிவு ஆபீஸ்லயா வேலை?" என்று கேட்கும் பெரியப்பா அவளுக்கு. குறும்படம் என்றால், "அப்ப பெரிய படம் எப்ப?" என்பாள் அத்தை. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இதுவரை எடுத்த படங்களை நாலு பேர் பாராட்டியிருக்கிறார்கள். அந்த நாலு பேரும் படம் எடுக்கிறவர்கள்.

இந்தப் படமோ அவள் உயிரை எடுத்தது. ஒரே கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி. பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிறது. ஆனால் ஆளுயரக் கண்ணாடியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, வாயே திறக்காமல் மேஜைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதில் மயங்கித்தான் படத்தைத் தொடங்கினாள். முடிவில் இருவரும் ஒரு வார்த்தையாவது பேசிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் இது படமே இல்லை என்று எடிட்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

பேசினால்தானே? "கட்டரை எங்க வெச்சான்னு அவன்கிட்ட கேளும்மா" என்பார் அண்ணன். பக்கத்திலேயே நிற்கும் தம்பி, "டிராயர்ல இருக்குன்னு சொல்லுங்க" என்பார். இயக்குநராகப் போனவள் தபால்காரி ஆகிவிட்டாள். முன்பெல்லாம் ஜாடையாவது காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வந்த பிறகு அதுவும் போயிற்று.

கடைசி நாளும் வீண். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, கடையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்ய மைக்கை மட்டும் வைத்தாள். எடிட்டிங்கில் பேச்சுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும். "ஒரு நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள் எரிச்சலோடு. சுவரில் சாய்த்திருந்த கண்ணாடி ஒன்று மெல்ல நழுவியது. அண்ணன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவள் உதட்டில் விரலை வைத்து முறைத்தாள்.

"டேய், கண்ணாடி சாயுதுடா. பிடி."

"பிடிச்சிட்டேண்ணே."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இத்தனை நாள் எங்கண்ணே வெச்சிருந்தீங்க இந்தப் பேச்சை? இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கெஞ்சி, கேமராவை எடுத்து ஓடவிட்டாள். அண்ணன் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்தார். லென்ஸை நேராகப் பார்த்து, "தம்பி, கண்ணாடி சாய்கிறது. பிடித்துக்கொள்" என்றார்.

"இதோ, பிடித்துவிட்டேன் அண்ணா" என்றார் தம்பி, பள்ளிக்கூட நாடகத்தில் நிற்பதுபோல நின்று. அவள் தலையில் கை வைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் தம்பியின் பக்கம் திரும்பினார். "சரியாத்தானேடா சொன்னேன்?"

"நீ எங்கண்ணே சொன்னே? செய்தி வாசிச்சே."

"உன் லட்சணம் மட்டும் என்னவாம்? அம்மா பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

தம்பி கண்ணாடியின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே, "அம்மா போனப்பகூட நாம பேசலையேண்ணே" என்றார்.

அண்ணன் கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, "எடுத்தாச்சாம்மா?" என்றார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இல்லைண்ணே. நீங்க பேசிட்டு இருங்க."