தோட்டுச் சுரை அளவு பொன்

இருபது வருடங்களுக்கு மேலாகப் பாலேந்திராவின் கையில் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று இருந்தது. லண்டன் விமான நிலையமொன்றின் பாதுகாப்பு வரிசையில் அவருக்கு வேலை. பயணிகளின் தோளிலும் இடுப்பிலும் கருவியைத் தடவுவார். அது கத்தினால் காரணம் கேட்பார். காப்போ, கொலுசோ, பெல்ட்டோ, முழங்காலுக்குள் வைத்த இரும்போ எதுவென்று பார்த்து, "சரி, போகலாம்" என்று அனுப்பிவிடுவார். அந்த வரிசையில் அவர் கண்ட தங்கம் கொஞ்சமல்ல. எல்லாம் அவரவர் கழுத்திலும் கையிலும் திரும்பிப் போய்விட்டது.

ஓய்வு பெற்ற வருடம் மகன் றஜீவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வான்மதி, குரோய்டனில் இருக்கும் மலேசியத் தமிழ்க் குடும்பம். யாழ்ப்பாணத்து வழக்கப்படி தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரம் பார்த்து, உறவினர் முன்னால் பொற்கொல்லரான பத்தர் உருக்குவார். அதைப் பொன்னுருக்கல் என்பார்கள். பெரும்பாலும் கடையில் வாங்கிய ஒரு பவுன் காசுதான் உருகும். பாலேந்திராவுக்கு அது போதவில்லை.

"காசோடை சேர்த்துப் போட நான் பொன் கொண்டுவாறன்" என்று வால்தம்ஸ்டோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் சொன்னார்.

"எங்கையிருந்து? கவுன்சில் குப்பைத் தொட்டிக்குள்ளையிருந்தோ?" என்றாள் மனைவி கனகாம்பிகை.

"ஸ்கொட்லாந்திலை ஓடையளுக்குள்ளை தங்கம் கிடக்குது. மிசினாலை தேடி எடுக்கலாம்."

"கிடந்தால் வெள்ளைக்காரன் உங்களுக்கெண்டு விட்டு வைச்சிருப்பானோ?"

"நெல்லுமணியளவு போதும். என்ர கையாலை எடுத்ததாய் இருக்கவேணும். இவ்வளவு காலமும் கண்டதெல்லாம் ஆற்றையோ சாமான், என்ர ஒண்டுமில்லை."

கனகாம்பிகை அதற்குமேல் பகிடி பண்ணவில்லை. கேட்பது சின்ன விஷயம்போல இருந்தாலும் அவர் சும்மா சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வால்தம்ஸ்டோவில் நகை வேலை செய்யும் தர்மலிங்கம் பத்தரிடமும் பாலேந்திரா கேட்டுவைத்தார். "கிடைச்சால் முதலே கொண்டு வாங்கோ அண்ணை, சுத்தம் செய்து வைக்கிறன். அண்டைக்கு ஒரு குறையும் வரக்கூடாது" என்றார் பத்தர்.

கருவியைத் தெரிவு செய்ய ஒரு மாதம் போனது. இணையத்தில் ஒவ்வொருவரும் தாம் வாங்கியதையே புகழ்ந்தார்கள். மனிதர்கள் தங்கள் தெரிவைப் பற்றிப் பேசும்போது பொருளைப் பற்றிப் பேசுவது குறைவு. கடைசியில் எசெக்ஸ் பக்கத்துக் கடையொன்றுக்கு நேரே போவதென்று முடிவு செய்தார். போகுமுன் மனைவியிடம் ஒன்று கேட்டார்.

"உம்முடைய கல்லுத்தோட்டின்ரை சுரை ஒண்டு தாரும்."

சுரை என்பது தோட்டின் தண்டில் பின்புறமிருந்து திருகிப் பூட்டும் சிறிய பொன் துண்டு. குன்றிமணியிலும் சிறியது.

"என்னத்துக்கு?"

"மிசினுக்குக் காட்டிப் பாக்க. இதைக் கேக்காத மிசினாலை எனக்குப் பிரயோசனமில்லை."

"அது நான் கலியாணத்துக்குப் போட வைச்சிருக்கிற தோடு. சுரையைத் துலைச்சீங்களெண்டால் தோடு உங்கட காதிலைதான் தொங்கும்."

கடைக்காரர் வயதான ஆங்கிலேயர். முதலில் அவர் கேட்டது, எந்த நாட்டு மண்ணில் தேடப்போகிறீர்கள் என்று. பாலேந்திரா அப்படி யோசித்திருக்கவில்லை. ஆஸ்திரேலியா என்றால் ஆழத்தில் பெரிய கட்டி கிடக்கும், அதற்கு ஒரு வகைக் கருவி. இந்த நாட்டு ஓடைகளில் கிடப்பது பெரும்பாலும் பொடி, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு மணி. அதற்கு வேறு வகை. தட்டில் அலசித் தேடுவதே இங்கே நல்லது என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். தன் பொருள் விற்காமல் போகச் செய்யக்கூடிய ஒன்றை வாடிக்கையாளரிடம் சொன்னார் என்பதை இங்கே குறித்துவைக்கலாம்.

மண் நிரப்பிய பெட்டியொன்றுக்குள் சுரையைப் புதைத்துப் பார்த்தார்கள். நாணயம் தேடுபவர்கள் வாங்கும் மலிவான கருவி அதன்மேல் மௌனமாகப் போனது. ஆழம் பார்க்கும் விலை கூடிய கருவியும் மௌனம். அது பெரியவற்றுக்கானது என்றார் கடைக்காரர். சிறிய வட்டத் தலை பூட்டிய மூன்றாவது கருவி மட்டும் நுளம்பு காதருகே போவதுபோல மெல்லிய சத்தம் போட்டது.

சின்னதைக் கேட்கும் கருவி எல்லாச் சின்னதையும் கேட்கும், ஈயக் குண்டுக்கும் கத்தும், ஆணித் துண்டுக்கும் கத்தும், கையேட்டை வாசித்துவிட்டுப் போங்கள் என்றார் கடைக்காரர். இருபது வருட அனுபவமுள்ளவரிடம் கையேட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று பாலேந்திரா சிரித்தார். கருவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கையேடு பெட்டிக்குள்ளேயே இருந்தது.

பொன்னுருக்கலுக்கு இரண்டு வாரம் இருக்க ஸ்கொட்லாந்துக்குப் போனார்கள். நிலத்துக்காரரின் அனுமதியையும் தேவையான மற்ற அனுமதிகளையும் முன்பே வாங்கியிருந்தார். கனகாம்பிகையும் வந்தாள். "தனிய விட்டால் தண்ணியோடை போயிடுவார்" என்று தன் தம்பி சந்திரகுமாரிடம் காரணம் சொன்னாள். ஓடைக்கரையில் மடக்குக் கதிரையைப் போட்டு, பிளாஸ்கும் கம்பளியுமாக உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மணிநேரத்துக்குள் பாலேந்திரா கூவினார். "கனகம்! வந்திட்டுது!"

கூழாங்கல்லும் மணலுமாக ஒரு கைப்பிடி அள்ளி, தரையில் கிடத்திய கருவியின் தலைக்கு மேலே கொண்டுபோனார். அது உரக்கக் கத்தியது. அந்தக் கைப்பிடியைத் தட்டில் போட்டு அலசினால் ஒன்றுமில்லை. அடுத்த கைப்பிடியும் கத்தியது. அதற்கடுத்ததும்.

கனகாம்பிகை எழும்பி வந்து பார்த்தாள். "அள்ளுற இடமெல்லாம் தங்கமெண்டால் இது ஓடையோ, டூட்டிங் நகைக்கடையோ?"

"மிசின் பொய் சொல்லாது."

"எங்கை, வெறுங்கையைக் காட்டுங்கோ பாப்பம்."

வெறுங்கைக்கும் அது கத்தியது. பாலேந்திராவின் வலக்கை விரலில் கல்யாண மோதிரம் ஈரத்தில் மினுங்கியது.

"விமான நிலையத்திலை எத்தினை ஆயிரம் சனத்திட்டை மோதிரத்தைக் கழட்டச் சொன்னனீங்கள்!" என்று சொல்லி அவள் கதிரையில் போய் விழுந்து சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமெடுத்தது. பிறகு கைக்குப் பூசும் கிறீமைக் கொண்டுவந்து மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள்.

அதன் பிறகு கருவி அதிகம் பேசவில்லை. பேசியபோதெல்லாம் ஈயக் குண்டு வந்தது, ஒருமுறை துருப்பிடித்த தூண்டில் முள். பின்னேரம் ஆகஆகப் பாலேந்திராவுக்குச் சந்தேகம் வந்தது. இங்கே தங்கம் இல்லையா, அல்லது இருந்தும் இது கேட்கவில்லையா? இரண்டு மௌனமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் அறிய அவரிடம் ஒரு வழிதான் இருந்தது. சட்டைப் பையிலிருந்த சுரையை எடுத்து, ஆழமில்லாத தண்ணீரில் இரண்டு கற்களுக்கு நடுவே போட்டார். கருவியைக் கொண்டுபோனார். மௌனம். ஒரு கல்லைப் புரட்டினார். தண்ணீர் கலங்கித் தெளிந்தது. சுரை இல்லை.

அன்று இரவு தங்கிய விடுதியில் கனகாம்பிகை அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அவர் பொன் தேடும் எண்ணத்தை விட்டுவிட்டார். சுரை மட்டும் போதும். கையேட்டைப் பிரித்து வாசித்தார். கருவியின் கூர்மையைக் கூட்டினார், தலையைக் கல்லோடு ஒட்டி மெதுவாக நகர்த்தினார். வரிசையில் நிற்கும் பயணியைத் தடவுவதுபோல, இடைவெளி விடாமல், போட்ட இடத்திலிருந்து நீரோட்டத்தின் வழியே கீழே போனார். மத்தியானம் கடந்து, ஒரு பாறைக்குக் கீழிருந்த பள்ளத்தில், நுளம்புச் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளினார். மூன்றாவது கரண்டியில் சுரை வந்தது.

கரைக்கு வந்து அதை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். "கடைசியிலை இதுவும் ஆற்றையோ சாமான்தான்" என்றார்.

"ஆற்றையோவும் இல்லை. என்ர" என்றாள்.

இன்னொரு நாள் நிற்க நேரமிருக்கவில்லை. வெறுங்கையோடு லண்டனுக்குத் திரும்பினார்கள்.

பொன்னுருக்கலன்று வால்தம்ஸ்டோ வீட்டு முன்னறை நிறைந்திருந்தது. புகை அலாரத்துக்கு யாரோ ஷவர் தொப்பி மாட்டிவிட்டிருந்தார்கள். நிறைகுடத்துக்கு முன்னால் றஜீவன் வேட்டியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பத்தர் பவுன் காசைத் தட்டிலிருந்து எடுத்தார்.

"அத்தான், ஸ்கொட்லாந்துப் பொன் எங்கை? சூட்கேசுக்குள்ளை அடங்கேல்லையோ?" என்றான் சந்திரகுமார். அறை சிரித்தது.

"கிடைக்கேல்லை" என்றார் பாலேந்திரா.

அப்போது கனகாம்பிகை உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். சுரையை எடுத்துப் பத்தரிடம் நீட்டினாள். "இதையும் போடுங்கோ. ஓடையிலை இவர் எடுத்தது."

"அது நான் போட்டதை நானே எடுத்தது" என்றார் பாலேந்திரா. "கண்டெடுத்த பொன் எண்டு சொல்லேலாது."

"கண்டெடுத்தது எண்டு நானும் சொல்லேல்லை. அரை நாள் குனிஞ்சு நிண்டு தேடி எடுத்தது. கடைக்காசை ஆரும் அப்பிடித் தேடினவையோ?"

பத்தர் சுரையை விரலில் உருட்டிப் பார்த்தார். "நல்ல பொன். ஒண்டாய் உருகும். ஆனால் நேரம் போகுது அக்கா, போடவோ, விடவோ?"

"அப்பா, போடுங்கோ" என்றான் றஜீவன்.

பாலேந்திரா விரும்பியது இதுவல்ல, எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் பத்தரின் விரலிலிருந்து சுரையை வாங்கி, மண் கிண்ணத்துக்குள் காசின்மேல் தானே போட்டார். பத்தர் சுடரைத் திருப்பினார். சுரை முதலில் உருகியது. கொஞ்ச நேரத்தில் காசும் உருகி, எது எது என்று பிரிக்க முடியாத ஒரு மணியாக நின்றது.

கல்யாணத்தன்று கனகாம்பிகை கல்லுத்தோட்டைத்தான் போட்டிருந்தாள். வலக்காதில் பொன் சுரை. இடக்காதில், மருந்துக்கடையில் வாங்கிய ரப்பர் பூட்டு. முன்னால் நின்று எடுத்த படங்களில் அது தெரியவில்லை.