கருவாட்டின் மேல் போட்ட பழி

எங்கள் பழைய வீட்டுக் குசினியைத் திருத்தியபோது, முருங்கனில் இடித்த வீடொன்றிலிருந்து பாவித்த அலுமாரிகளையும் காஸ் அடுப்பையும் வாங்கினோம். அடுப்போடு வந்த பழைய ரப்பர் குழாயையே சிலிண்டருக்கும் பூட்டினோம். சிலிண்டரைக் கீழ் அலுமாரிக்குள் வைத்தபின் இடம் மிச்சமிருந்தது. அங்கே கருவாட்டுப் பெட்டியை வைத்தேன். என் பிழை அதுதான்.

இரண்டாம் நாளே அலுமாரியைத் திறந்தால் கெட்ட மணம். கணவரிடம் சொன்னேன்.

"மன்னாரில பிறந்த உமக்குக் கருவாட்டு மணம் புதிசோ?" என்று சிரித்தார். கடலுக்குப் போகிறவருக்கு எல்லா மணமும் மீன் மணந்தான். நானும் கதவை இறுக்கிச் சாத்திவிட்டேன்.

வவுனியாவிலிருந்து வந்த மச்சாள் திரும்பும்போது கருவாடு முழுவதையும் பெட்டியோடு கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை தேத்தண்ணி வைக்க நெருப்புக்குச்சியை எடுத்தேன். அதே மணம்! கை அப்படியே நின்றுவிட்டது.

"இஞ்சருங்கோ, கருவாடு போயிட்டுது, மணம் போகேல்லை!" என்று கத்தினேன்.

அவர் ஓடிவந்து சிலிண்டரை மூடி, யன்னல்களைத் திறந்தார். குழாயை வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் நீளமான வெடிப்பு. அந்த மணத்துக்கு நடுவேதான் நாலு நாளாக நெருப்புக்குச்சி தட்டிச் சமைத்திருக்கிறேன். மடு மாதாதான் எங்களைக் காப்பாற்றினார்.

இப்போது குழாய் புதிது. சிலிண்டர் சுவருக்கு வெளியே நிற்கிறது. கருவாடு குசினிக்குள் வருவதே இல்லை. ஏதாவது மணந்தால் நான் வாய் திறக்குமுன்பே என் கணவர் எழும்பி வந்து மோந்து பார்க்கிறார்.

— வாசகி, பேசாலை