திம்பம் ஏற்றத்தில் நின்றுபோன வண்டி

குழந்தைகளே, நான் கோவையில் மில் வேலையில் இருக்கிறேன். என் மனைவி மலைமேல் தாளவாடியில் டீச்சர். மகளும் அவளோடுதான். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் திம்பம் ஏற்றத்தில் என் பைக் முக்கும். போய்ச் சேர்வதற்குள் மகள் தூங்கிவிடுவாள். ஞாயிறு சாயங்காலமே நான் திரும்பியாக வேண்டும்.

அதனால், இழுவை கூடட்டும் என்று இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை லேத்தில் சீவி மெலிசாக்கச் சொன்னேன்.

"இழுவை ஏறுமுங்க, சூடும் சேர்ந்து ஏறுமுங்க. மலைக்கு வேண்டாமுங்க" என்றார் மெக்கானிக்.

"நீங்க சீவுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த வாரம் வண்டி பறந்தது. ஏற்றத்தில் இன்ஜின் டக்டக்கென்று தட்டியும், மகள் நினைப்பில் நான் நிறுத்தவில்லை. ஒரு வளைவில் சூட்டில் பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் நின்றது. நடுரோட்டில் விழுந்தேன். பின்னால் வந்த லாரி என் காலருகே வந்து நின்றது.

"ஏனுங்க, படுக்கறதுக்கு ஊடு இல்லீங்களா?" என்று கேட்ட டிரைவர், என்னையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டார்.

மகள் தூங்காமல் காத்திருந்தாள்.

"வண்டி கெட்டுப்போச்சு கண்ணு."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப நாளைக்குப் போகமாட்டீங்களாப்பா?"

இப்போது பஸ்ஸில்தான் போகிறேன். திங்கட்கிழமைக்கு இரவு ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். அன்று காலை அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் மலை இறங்குகிறேன்.