நடந்து வருகிறவர்களின் தாதி

கௌரி இறந்துவிட்டாள் என்று அவளுடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, சுவிஸின் பேர்ண் நகரில் வேலைக்குப் போகும் ட்ராமில் நின்றுகொண்டிருந்தேன். "மாரடைப்பாம் அக்கா" என்றான். நாற்பதுகூட ஆகாதவள். நாங்கள் நோட்ஃபால் என்று சொல்லும் அவசர சிகிச்சைப் பிரிவில் என்னோடு நின்ற தாதி. எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை பேரின் இதயக் கோளாறைக் கண்டுபிடித்தவள், அவளுக்கா இப்படி?

அவளை அறிந்தவர்களுக்கு அவளுடைய கேள்வியும் தெரிந்திருக்கும். எங்கள் தமிழ் ஆட்களிடம் "எங்கே நோகுது?" என்று அவள் கேட்கவே மாட்டாள். கேட்டால் "ஒண்டுமில்லை, சும்மா வாய்வு" என்றுதான் பதில் வரும். கூட வந்த பிள்ளை அதை வயிற்றுப் பொருமல் என்று ஜெர்மனில் சொல்லும். ஆள் கதிரையில் காத்துக் கிடப்பார். ஒருமுறை அப்படி ஒருவர் சிரித்த முகத்தோடு இருந்தார். கௌரி பக்கத்தில் குந்தி, "ஐயா, போன கிழமை செய்த வேலையில இந்தக் கிழமை எதை விட்டிட்டியள்?" என்றாள்.

அவர் யோசித்தார். "கடையில அரிசிப் பை தூக்கிறனான் பிள்ளை. இப்ப பெடியளைத் தூக்கச் சொல்லுறன்."

உடனே ஈசிஜி எடுக்க வைத்தாள். இதயக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். கௌரி மட்டும் அன்று முழுவதும் காத்திருப்பு அறையைத் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் இருவரும் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தோம். நோயாளியைத் தானே பரிசோதித்து, மருத்துவரோடு சேர்ந்து சிகிச்சையைத் தீர்மானிக்கும் தாதியாவதற்கான படிப்பு. துறையைத் தெரிவு செய்ய வேண்டும். ஆபத்தான நிலையில் வரும் பெரியவர்களுக்கான துறைதான் எனக்கு என்று முடிவு கட்டியிருந்தேன். அவளோ கைக்குழந்தை முதல் கிழவர்வரை எல்லோரையும் பார்க்கும் குடும்பத் துறையில் நின்றாள். உணவறையில் சண்டையே வந்துவிட்டது.

"நோட்ஃபாலில நிக்கப் போறவளுக்கு இருமலும் தடிமனும் என்னத்துக்கடி?" என்று கிண்டல் செய்தேன்.

"ஆம்புலன்ஸில வாறவரைச் சுத்திப் பத்துப் பேர் நிப்பினம். நடந்து வாறவருக்கு ஆர் நிக்கினம்? சாவு நடந்தும் வரும் மச்சாள். வந்து, பெயரைச் சொல்லிப்போட்டு, எங்களுக்கு முன்னால இருக்கும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு காத்திருப்பு அறையைக் கடந்து போவது எனக்குப் பிடிக்காமல் போயிற்று. எந்த முகத்தைப் பார்த்தாலும் சந்தேகம் வந்தது.

தகனம் முடிந்து வெளியே வந்தபோது அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதுகு பிடிச்சிருக்கு, வாய்வம்மா எண்டவள். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடுத்தன். நேர்ஸ்தானே, அவளுக்குத் தெரியாததோ எண்டு விட்டிட்டன் பிள்ளை."

பிறகு, நான் கேட்காமலே, "அந்தக் கிழமை எங்கட கட்டிடத்தில உடுப்புத் தோய்க்கிற முறை எங்களுக்கு வந்தது. கீழ் அறைக்குக் கூடையை நீங்கள் கொண்டுபோங்கோ அம்மா எண்டாள். ஒருநாளும் என்னைத் தூக்க விடாதவள்" என்றார்.

கௌரியின் கேள்விக்கான பதில் அது. அவளிடம் அதைக் கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை. அவளும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கூடைதான் அறிகுறி என்று அந்தத் தாயிடம் நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

நேற்று குடும்பத் துறையைத் தெரிவு செய்து அனுப்பினேன். அவளுக்காகச் செய்த தியாகம் என்று யாரும் புகழ வேண்டாம். அவளுடைய பொறுமை எனக்கு இல்லை, கெட்டித்தனமும் இல்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நடந்து வருகிறவரைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற அவளுடைய பயம். அது போய்விடக்கூடாது என்றுதான் இப்போது பயப்படுகிறேன்.

இன்று காலையும் கதிரைகள் நிறைந்திருந்தன. ஓர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, "எனக்கு அவசரமில்லைப் பிள்ளை, மற்ற ஆக்களைப் பாருங்கோ" என்றார்.

அவரைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டேன்.