இடது பக்கம் சாயும் ஜாய்ஸ்டிக்

ரதியை இந்தத் தோட்டத்தில் அதிகமாகத் திட்டியவள் நான்தான். அதனால் அவளைப் புகழவும் எனக்குத்தான் முதல் உரிமை. வேறு யாராவது முந்திக்கொண்டு வந்தால் வாயை மூடச் சொல்லுங்கள்.

மலேசியாவில், லாபு பக்கத்தில், பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் ஐந்து பெண்கள் மருந்து அடிக்கிறோம். பம்பை முதுகில் சுமந்துகொண்டு, மரத்தடிக் களைக்கு மருந்து தெளிக்கும் வேலை. ரதிக்கு வயது நாற்பத்து நான்கு. எனக்கு அவளைவிட இரண்டு கூடுதல். பதினெட்டு வருடமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நடக்கிறோம். பக்கத்து விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் மரங்களுக்கு மேலேதான் போகும். எங்களில் யாரும் தலையைத் தூக்க மாட்டோம். ரதி மட்டும் கையை நிறுத்திவிட்டு, அது மறையும் வரை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள்.

"விமானம் உனக்குச் சோறு போடுமாடி? மருந்த அடி!" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே அடிப்பாள். கோபமே வராது அவளுக்கு. அதுவே எனக்கு இன்னும் கோபத்தை மூட்டும்.

பொது முடக்கக் காலத்தில் அவள் மகள் ஷாமினி பாடம் படிக்க ஒரு பழைய கணினி வாங்கினார்கள். பிறகு ஷாமினி போலிடெக்னிக் போய்விட்டாள். கணினி வீட்டிலேயே கிடந்தது. ரதி அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். சுடும் விளையாட்டு இல்லை, நிஜ விமானம் போலவே ஏற்றி இறக்க வேண்டும். விசைப்பலகையைத் தட்டி ஓட்டினால் விமானம் தவளைபோலக் குதிக்கிறது என்று, ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவான ஒரு ஜாய்ஸ்டிக்கை வரவழைத்தாள்.

அடடா, அந்தச் சாமானைப் பார்க்க வேண்டுமே! அடியில் நான்கு ரப்பர் கிண்ணங்கள். வழவழப்பான மேசையில் வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளுமாம். ரதி வீட்டு மேசையோ சொரசொரப்பான பலகை. குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய டைல்ஸ் ஒன்றை எடுத்து, அதில் ஜாய்ஸ்டிக்கை ஒட்டி, டைல்ஸைக் கவிழ்த்த பெயிண்ட் வாளிமேல் வைத்து, வாளியை முழங்காலால் இறுக்கிக்கொண்டு உட்காருவாள். கையை எடுத்தால் ஜாய்ஸ்டிக் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். அது திரும்பாது. உள்ளே ஸ்பிரிங் சரியில்லை, எப்போதும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தே நிற்கும். விமானமும் இடது பக்கமே போகும்.

"குப்பையில தூக்கிப் போடுலா" என்றேன்.

"இருக்கட்டும் விமலா. கொஞ்சம் வலது பக்கம் பிடிச்சா நேராப் போகுது."

கணினியில் அதைச் சரிசெய்ய வழி உண்டாம். நடுவில் நடக்கும் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவைக்கலாமாம். அவளும் செய்து பார்த்தாள். இறக்கும்போது அந்தச் சின்ன அசைவுகள்தான் தேவைப்படுகின்றன என்று பழையபடியே மாற்றிவிட்டாள். ஆக, குறை ஜாய்ஸ்டிக்கில், திருத்தம் அவள் கையில். வேலை முடிந்து வந்து, உலையை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் சோறு குழையும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

போன வருடம் எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் குணாளன் எங்களைக் கூப்பிட்டுச் சேதி சொன்னார். இனிமேல் மருந்து அடிக்க டிரோன் வருகிறது. எங்களில் ஒருத்தி அதை ஓட்டத் தேறினால், மருந்து கலக்க, தண்ணீர் ஏற்ற, பேட்டரி மாற்ற என்று ஐவருக்கும் வேலை இருக்கும். யாரும் தேறாவிட்டால் வெளிக் குத்தகைக்காரன் தன் ஆட்களோடு வந்துவிடுவான். எங்களுக்கு இங்கே வேலை இல்லை.

எல்லோரும் தரையைப் பார்த்தோம். ரதி கையைத் தூக்கினாள்.

"விளையாடுறதும் இதுவும் ஒண்ணாடி?" என்று கேட்டேன். பயத்தில் கேட்டேன். எனக்கு வேறு வேலை தெரியாது, படிப்பும் ஆறாம் வகுப்போடு சரி.

அன்றே டிரோன் ஓட்டிப் பழகும் விளையாட்டு ஒன்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டாள். அதே இடது பக்கம் சாயும் ஜாய்ஸ்டிக். மூன்று மாதம், ஒரு நாள் விடாமல். காய்ச்சலில் படுத்த அன்றுகூட வாளியைக் கட்டிலருகே இழுத்து வைத்து ஓட்டினாள். என்ன பிறவியோ!

பரீட்சை எடுக்கப் பக்கத்து ஊரான ராசாவிலிருந்து புனிதன் என்ற இளைஞர் வந்தார். கிடங்குப் பக்கத்துத் திடலில் இரண்டு வரிசையாகத் தோம்புகளை, அதாவது காலிப் பீப்பாய்களை, நிறுத்தினார். நடுவில் டிரோனைக் கையாலேயே ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும். தானாக நிற்கும் வசதியை அணைத்துவிட்டார். வரிசையைத் தாண்டினால் தோல்வி. இரண்டு வாய்ப்பு.

காலை எட்டு மணி. இலை அசையவில்லை. ரதி டிரோனைத் தூக்கினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை, அது வலது பக்கம் ஒதுங்கி, ஒதுங்கி, தோம்புகளைத் தாண்டிப் போய்விட்டது.

"ஐயோ, பாவி! என்னடி பண்ற?" என்று அலறிவிட்டேன்.

ரதி டிரோனை இறக்கிவிட்டுத் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். "மிஷின் நல்ல மிஷின். என் கைதான் கோணல்" என்றாள். பிறகு புனிதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், டைல்ஸ் முதல் வாளி வரை. "அடுத்தத பத்து மணிக்கு மேல வைக்கலாமா தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து மணிக்கு இங்கே காற்று கிளம்பும். வெயிலுக்குப் பூசும் முகப்பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்துக் காற்றில் விட்டுப் பார்ப்போம். பறந்தால் பம்பைக் கீழே வைத்துவிடுவோம், இல்லையென்றால் மருந்து மூஞ்சியில்தான் விழும். பதினெட்டு வருடம் காற்றுக்கு ஒதுங்கியவள், பரீட்சைக்குக் காற்றைக் கேட்கிறாள்!

"பைத்தியமாடி உனக்கு?"

"காத்து இல்லன்னா கை அது பாட்டுக்குப் பழைய பழக்கத்துல போயிடுது விமலா. காத்து அடிச்சா கண்ணு முழிச்சுப் பாக்கும். கண்ணு சொல்றத கை கேக்கும்."

பத்து மணி ஆனது. ரதி பவுடரைக் கிள்ளி விட்டாள். அது இடது பக்கமாகப் பறந்தது. டிரோன் ஏறியது. காற்று இடது பக்கம் தள்ள, அவள் வலது பக்கம் பிடிக்க, நூல் பிடித்ததுபோலக் கடைசித் தோம்புவரை போனது. நாங்கள் கைதட்டினோம்.

புனிதன் கையைக் காட்டி நிறுத்தினார். "அக்கா, உங்க பழக்கமும் காத்தும் ஒத்துப்போச்சு. இப்ப டிரோன் மூஞ்சிய நம்ம பக்கம் திருப்பி ஓட்டிட்டு வாங்க."

எனக்குப் புரியவில்லை, குணாளன்தான் சொன்னார். மூஞ்சி எங்களைப் பார்த்தால் எல்லாம் தலைகீழாம். அதே காற்றுக்கு இப்போது இடது பக்கம் பிடிக்க வேண்டும். இத்தனை நாள் பழகியதற்கு நேர் எதிர்.

டிரோன் திரும்பியது. உடனே தோம்புப் பக்கம் ஒரு முழம் நழுவியது. ஒரே ஒரு முழம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது நடுவில் இருந்தது. ரதி கையைப் பார்க்கவே இல்லை. விமானத்தை அண்ணாந்து பார்ப்பாளே, அதே முகம், அதே பிளந்த வாய். எந்த முகத்தைப் பார்த்து இத்தனை வருடம் கத்தினேனோ, அந்த முகத்தைப் பார்த்து அழுதேன். டிரோன் அவள் காலடியில் வந்து உட்கார்ந்தது.

"நல்ல ஜாய்ஸ்டிக்ல பழகியிருந்தா முதல் தடவையே தேறியிருப்பீங்கக்கா" என்றார் புனிதன்.

"நல்லதா இருந்தா கைய நம்பியிருப்பேன் தம்பி. இது கெட்டுப்போனது. எந்நேரமும் பாத்துக்கிட்டே இருக்க வச்சுச்சு" என்றாள்.

ஐவருக்கும் வேலை இருக்கிறது. ஆனால் ரதிக்கு விடுப்பு நாள் வந்தால் ஓட்ட இன்னொருத்தி வேண்டுமாம். மேனேஜர் கேட்டதும் அவள் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். நன்றாகத் திட்டினேன். சிரித்தாள்.

இப்போது சாயங்காலமானால் அவள் வீட்டில் வாளியை முழங்காலால் இறுக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று திரையில் டிரோன் ஒன்பதாவது தடவையாகத் தரையில் மோதப் போன நேரம் பார்த்து, அடுப்படியிலிருந்து கேட்டாள்:

"விமலா, இது சோறு போடுமாடி?"

"போடுது, போடுது! பேசாம இரு, இறக்கிட்டிருக்கேன்" என்றேன்.