கிண்ணத்தோடு போன கால்குலஸ்

என் மாமாவுக்குக் கப்பல் என்றால் குலைநடுக்கம். கப்பல் வரைக்கும் போவானேன்? கடலூர் ஓ.டி.யில் உப்பனாற்றைத் தோணியில் தாண்டி அக்கரை போய்ச் சேர்வதற்குள்ளேயே, தின்ற சோற்றையெல்லாம் ஆற்று மீனுக்குக் கொடுத்துவிடுகிற ஆள் அவர். அப்பேர்ப்பட்டவரைத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்புவதென்று எங்கள் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அறுபதுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் அது.

மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தார். படித்தார் என்று எழுதக் கை கூசுகிறது, சிதம்பரத்தில் இருந்தார். பரீட்சையில் பௌதிகம், கால்குலஸ், வானசாஸ்திரம் மூன்றிலும் ஃபெயில். என்னைப் பெற்ற அத்தா சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மச்சான், செப்டம்பர்ல இன்னொரு தடவ எழுதுங்க. பாஸானா சந்தோசம். இல்லேன்னா பினாங்குல எங்க அண்ணன் கடைக்கிப் போயிடுங்க. கப்பல் டிக்கெட்டுக்கு நானாச்சு." டிக்கெட் என்ற சொல்லைக் கேட்டதுமே மாமா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார்.

அந்தக் கொல்லையில்தான், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான மதில் ஓரம் நாற்காலி போட்டுக்கொண்டு அவர் படிக்க ஆரம்பித்தார். சின்ன வயதில் மதரஸாவில் சத்தம் போட்டு ஓதியே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தவர். அங்கே கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவரும்கூட. அதே நம்பிக்கையில் பௌதிகக் கணக்கையும் ராகம் போட்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி ஓதினார். கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல்லை விட்டால் தரையைத் தொட எவ்வளவு நேரமாகும் என்பது கணக்கு. அதை இங்கிலீஷில் ஒரு வாரம் ஓதினார். விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருந்தது. அதற்குப் போகிற வழிதான் அவருக்குப் பிடிபடவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா இருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். காலேஜில் சேர்க்கச் சொல்லி டீச்சரம்மா வீடு தேடி வந்தபோது, அக்காவின் அத்தா நன்னாரி சர்பத் கொடுத்து உபசரித்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். அதிலிருந்து அக்கா வாசல் தாண்டுவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நல்லதாக ஏதாவது சமைத்தால் அண்டை வீட்டுக்கு ஒரு கிண்ணம் போக வேண்டும். அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வரக் கூடாது. ஒன்றும் இல்லாத வீட்டிலும் ஒரு பிடி சர்க்கரையாவது, ஓர் எலுமிச்சம்பழமாவது போட்டுத்தான் கொடுத்தனுப்புவார்கள். அப்படி ஒரு நாள் இடியாப்பமும் பாயாவும் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள்.

"ஒரு வாரமா அந்தக் கல்லு உழுவுது, இன்னும் தரைக்கி வந்து சேரல. என்னால தாங்க முடியலடி. நாலு செகண்டுன்னு போய் ஒங்க மாமாகிட்ட சொல்லு."

சொன்னேன். மாமா கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னக்கி நம்ம வூட்ல வேற என்ன சமைச்சிருக்கு?" என்று கேட்டார்.

அப்படித் தொடங்கியது அந்தப் போக்குவரத்து. வயசுப்பிள்ளைகள் விவகாரம், வெளியே தெரிந்தால் இரண்டு வீட்டிலும் ரகளையாகிவிடும். அதனால் மாமா ஒரு பிரம்புக்கூடை ஏற்பாடு செய்தார். அடியில் அவருடைய புத்தகம், அதன்மேல் என் சிலேட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நீலப்பூப் போட்ட எங்கள் எனாமல் கிண்ணம். பார்க்கிறவர்களுக்கு நான் அக்காவிடம் பாடம் கேட்கப் போகிற பிள்ளை. அக்கா சிலேட்டு நிறைய வழியை எழுதி அனுப்புவாள்; மாமா அதைப் பார்த்து எழுதிக்கொண்டு ஓதுவார். பாவம், ஓதி ஓதியே அவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கால்குலஸ் அக்காவுக்கே புதிது. "புக்க வச்சிட்டுப் போ, நாளைக்கி வா" என்றாள். மறுநாள் போனபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி, "அல்லாவே, எவ்ளோ அழகா இருக்குடி இது!" என்றாள். எது அழகு என்று நான் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கசாப்புக்கடையில் கறி மாட்டுகிற கொக்கி மாதிரி ஏதோ வரிசையாக எழுதியிருந்தது.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு வீட்டு அம்மாக்களும்தான். மாமாவுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் கிண்ணம் போக வேண்டும். கிண்ணம் போக வேண்டுமென்றால் அம்மா அடுப்பு மூட்ட வேண்டும். "வாய்க்கு ருசியா எதாச்சும் செய்யேன்" என்று மாமா கெஞ்சுவார். தம்பி படிக்கிறானே என்று அம்மா கறியும் அரிசிமாவு உருண்டையும் சேர்த்துத் தக்கடி செய்தாள். பதிலுக்கு அங்கிருந்து கோழிக் குழம்பு, எங்கள் பேச்சில் கோழி ஆணம், வந்தது. அம்மாவுக்குச் சுருக்கென்றது. "என்னா, பெரும காட்டுறாங்களா?" என்று இறால் பொரித்து அனுப்பினாள். அங்கிருந்து முட்டையும் கொத்துக்கறியும் வைத்து மடித்த முர்தபா வந்தது. ஆகஸ்டில் கால்குலஸ் உச்சத்தில் இருந்தபோது இரண்டு வீட்டிலும் நெய் தீர்ந்துபோயிற்று. "தெனமும் பக்கத்து வூட்டு சாப்பாட்டதான் திங்கிறேன், நம்ம வூட்டு சாப்பாடு எங்கதான் போவுது?" என்று அத்தா முனகினார். முனகிக்கொண்டே இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் கூடை சாய்ந்து, அங்கிருந்து வந்த மீன் ஆணம் சிலேட்டின் மேல் கொட்டி, விடையில் பாதி அழிந்துவிட்டது. மாமா அந்தச் சிலேட்டை நக்கிப் பார்க்காத குறை. திரும்பப் போகலாமென்றால் வீட்டில் சமைத்தது ஒன்றுமில்லை. மனுஷர் முருங்கை மரத்திலேறி நாலைந்து காயைப் பறித்து, கிண்ணத்தில் நட்டுவைத்து என்னை அனுப்பினார்.

வானசாஸ்திரத்துக்கு முக்கால்வாசி சிலேட்டே தேவைப்படவில்லை. வெள்ளி ஏன் விடியலிலும் பொழுது சாய்கிறபோதும் மட்டும் தெரிகிறது, நடுராத்திரியில் தெரிவதில்லை என்று ஒரு கேள்வி. "அது நம்ம பாதைக்கி உள்ளாற சுத்துது. அதான் சூரியன உட்டு ரொம்ப தூரம் போவாது. என்னாட்டம்னு வச்சிக்கியேன்" என்று சொல்லிச் சிரித்தாள் அக்கா. நான் ஒரு சொல் விடாமல் மாமாவிடம் ஒப்பித்தேன். மாமாவும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு, "என்னாட்டம்னு வச்சிக்கியேன்" வரைக்கும் ராகத்தோடு ஓதினார். மதிலுக்கு அப்பால் யாருக்கோ புரையேறியது. பரீட்சையிலும் அதை எழுதித் தொலைத்தாரோ என்னவோ, மாமா கடைசிவரை சொல்லவேயில்லை.

ஆனால் பாஸாகிவிட்டார். பேப்பரில் நம்பரைப் பார்த்ததும் அத்தா அவரைக் கட்டிப்பிடித்து, "மச்சான், தப்பிச்சீங்க!" என்றார். பினாங்குக் கப்பல் மாமா இல்லாமலே போயிற்று. அவர் அன்றைக்கே புத்தகங்களையெல்லாம் கட்டிக்கொண்டு ரயிலில் சிதம்பரம் போய், கீழ்வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தார். "விட்டுச்சி சனியன்" என்று கொல்லையில் கிடந்த நாற்காலியையும் தூக்கி உள்ளே போட்டார்.

அம்மா அதுவரை கையில் எடுக்காமல் வைத்திருந்த வட்டிலாப்பத்தை அன்று செய்தாள். தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் போட்டு அவித்தது, மேலே முந்திரி. கிண்ணம் தளும்பத் தளும்ப வைத்துக் கொடுத்தாள். அக்கா கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கூடையின் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினாள்.

"புக்கு எங்கடி?"

"மாமாதான் பாஸாயிட்டாருல்ல! இனிமே புக்கே வேணாமாம். யாருக்கோ குடுத்துட்டாரு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்!" என்றேன், பெருமை பிடிபடாமல்.

"கடேசி பாடம் நான் இன்னும் பாக்கவேயில்லியே" என்றாள் அக்கா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. வட்டிலாப்பத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். எங்கள் கிண்ணத்தைக் கழுவினாள். தாவணி முனையால் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் அவள் அம்மா வைத்திருந்த நெய்ச்சோறு மணத்துக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அக்கா கிண்ணத்தை மூடி, கூடையில் வைத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் அம்மா மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. நம்பாதவளாகக் கிண்ணத்தைக் கவிழ்த்து வேறு பார்த்தாள். பிறகு அவள் முகம் பூத்ததே பார்க்க வேண்டும்!

"பாத்தீங்களா! என் வட்டிலாப்பத்துக்கு எதிரா வைக்க அவுங்க வூட்ல ஒண்ணுமேயில்ல. தோத்துட்டாங்க!"

அத்தா சிரித்தார். மாமா வட்டிலாப்பத்தை வாயில் அடைத்துக்கொண்டு தலையாட்டினார். அங்கே நெய்ச்சோறு இருந்ததே என்று சொல்ல வாயெடுத்த நானும், அம்மாவின் சந்தோஷத்தைப் பார்த்து அதை மறந்துபோனேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று அந்த வெறுங்கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மதில் ஓரமாகக் கத்திக் கத்திக் குதித்தேன்.